அணைக்காத கற்பூரம்

முட்டை வேனிலிருந்து அட்டைகளை இறக்கிவிட்டு மெத்தை விரித்தாயிற்று. அப்பாவைத் தூக்கிப் படுக்க வைக்கும்போது தமிழினி தலையைத் தாங்கிக்கொண்டாள். ஆள் எலும்பும் தோலுமாகியும் கனத்தார்.

வேன் கதவை மறித்து நின்றாள் அம்மா வசந்தாமணி. “உசுரு போறவரக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவாங்களா? அங்கயே ஆயிப்போச்சுன்னா கோயிலுக்குத் தீட்டு.”

அம்மாவின் பயம் தீட்டைப் பற்றி மட்டுமல்ல என்பது தமிழினிக்குத் தெரியும்.

பதினைந்து வருடத்துக்கு முன் பண்ணையில் நோய் வந்து கோழிகள் கும்பலாகச் செத்தன. குழி வெட்டிப் புதைக்கச் சோம்பல்பட்டு, அப்பா சென்னிமலை அவற்றைப் பொதுக் கிணற்றில் கொட்டினார். அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் செத்து ஊரே கேள்வி கேட்டபோது, கருப்பணார் கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் போடவில்லை என்று சத்தியம் செய்தார். ஊர் நம்பியது. பழி, பண்ணையில் வேலை பார்த்த காத்தான் மேல் விழுந்தது. அவர் தாயைக் கூட்டிக்கொண்டு பள்ளிபாளையம் போய்த் தறி ஓட்டினார்.

அந்தக் காத்தானைத்தான் அப்பா வரச் சொல்லியிருந்தார். காலையில் வந்தவர் அப்பா சொன்ன எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“எம்பட அம்மா சாகறவரைக்கும் நாந்தான் போட்டேன்னு நெனச்சுட்டே செத்துச்சுங்க. எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. சத்தியம் பண்ணுன எடத்துல, ஊரு கேக்கச் சொல்லோணும்.”

செத்துப்போனால் சொல்ல முடியாது. உயிர் இருக்கும்போதே போயாக வேண்டும்.

“ஊரு காறித் துப்புமேங்க,” என்றாள் அம்மா.

“துப்பட்டும்.” அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. “கருப்பணாரு அடிப்பாரு. அடிச்சுப்போட்டுச் சேத்துக்குவாரு. நம்ம சாமிதான, வசந்தா.”

அம்மா கதவை விட்டு விலகி வீட்டுக்குள் போனாள். கோபித்துக்கொண்டாள் என்றே தமிழினி நினைத்தாள். திரும்பி வந்தபோது அம்மாவின் கையில் கற்பூரப் பொட்டலம் இருந்தது.

கோயிலடியில் இருபது பேர் கூடிவிட்டார்கள். அப்பா மெத்தையில் கிடந்தபடி சொன்னார். “கோழியக் கெணத்துல போட்டது நானு. காத்தான் இல்ல. சாமி முன்னால பொய்ச் சத்தியம் பண்ணுனதும் நாந்தான்.”

அன்றைக்கு இரண்டு எருமைகளைப் பறிகொடுத்த பொன்னன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்பா முகத்தைப் பார்க்காமல் நடந்தார். அவர் போவதை அப்பா கடைசிவரை பார்த்தார். தமிழினிக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் அப்பாவின் கையை விடவில்லை.

அம்மா கருப்பணாரின் வேலுக்கு முன்னால் கல்லில் கற்பூரம் ஏற்றினாள். “இந்தத் தடவ அணைக்க வேண்டாங்க,” என்றார் காத்தான்.

“ஆமா. அது பாட்டுக்கு எரியட்டும்,” என்றார் அப்பா.

முழுக்க எரிந்து முடியும்வரை எல்லோரும் நின்றார்கள்.

திரும்பும்போது பாதை குண்டும் குழியுமாக இருந்தது. வேன் ஆட்டத்தில் அப்பாவின் தலை அடிபடாமலிருக்கக் காத்தான் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வாய்க்கால் பாலம் தாண்டியதும் அவர் கை மெல்ல அப்பாவின் கண்களை மூடியதைத் தமிழினி பார்த்தாள். அம்மாவின் அழுகை அதற்கப்புறம்தான் எழுந்தது.

வீட்டு வாசலில் இறக்குவதற்கு ஆட்கள் வந்தார்கள்.

“நீங்க எறங்குங்க. நாங்க தூக்கிக்கறோம்,” என்றாள் தமிழினி.

காத்தான் நகரவில்லை. “காலு மரத்துப்போச்சு சாமி. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்.”