சுவடு

...சுவடாம், சுவடு. மேக்கப் அறையில், வாசிக்க வேண்டிய தாளைப் புரட்டியபோதே கண்ணில் உறுத்தியது, 'குழந்தை பெற்ற சுவடே இல்லாமல் அசத்துகிறார்', அந்த நடிகைக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சுவடு தெரியாமல் போக இதென்ன, களவு போன வீடா? எனக்குப் பிரசவ விடுப்பு முடிந்து இன்றுதான் மறுபடி செய்தி வாசிக்கும் நாள், இந்த வரியை என் வாயாலேயே சொல்வதா... தயாரிப்பாளரிடம் கேட்டேன். "வந்த முதல் நாளே ஆரம்பிச்சிடாதீங்க மேடம், எழுதியிருக்கறத அப்படியே படிங்க, உங்க இடத்துக்கு ஆள் ரெடியா இருக்கு" என்றார். இருக்கட்டுமே. தொண்டை கட்டிய நாளில்கூடத் தேர்தல் முடிவை விடிய விடிய வாசித்தவள் நான், என்னிடமா இந்த மிரட்டல்?

விளக்குகள் எரிகின்றன, விலைவாசி, புயல், ரயில் விபத்து, நாக்கு ஓரிடத்திலும் சறுக்கவில்லை, பார்த்தாயா, குரல் என்னை விட்டு எங்கும் போய்விடவில்லை, மார்புதான் கனக்கிறது, குட்டி அழுகிறாளோ என்னவோ, நாத்தனார் இருக்கிறாள், சமாளித்துவிடுவாள், காலையில் வாசல்வரை வந்து, "வயித்தப் பத்திக் கவலையே படாதீங்க அண்ணி, மேஜை மறைச்சிடும்" என்றாள், பாவம், நல்ல மனசோடுதான் சொன்னாள், நானும் சிரித்துவைத்தேன், எனக்கென்ன கவலை, பத்து மாதம் ஓர் ஆளைக் குடிவைத்த வயிறு, கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால்தான் என்ன... இதோ நடிகையின் படம், முகத்தில் சிரிப்பு, கண்ணில் தூக்கம், எனக்குத் தெரியாதா அந்தத் தூக்கம்? எதிரே கேமராத் திரையில் வரி மேலேறி வருகிறது, சுவடே... "அண்மையில் தாயான இவர் மீண்டும் படப்பிடிப்பில் கலந்துகொண்டார். தாய்க்கும் சேய்க்கும் வாழ்த்துகள்." அவ்வளவுதான். காதுக்குள் தயாரிப்பாளர், "மேடம், என்ன பண்றீங்க!" நான் புன்னகையோடு வானிலைக்குப் போனேன், வணக்கம் சொன்னேன்.

விளக்கு அணைந்தது. கேமராக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார், தயாரிப்பாளர் படியிறங்கி வரும் சத்தம் கேட்கிறது, வரட்டும், வேலையே போனாலும் சரி, சொல்லப் பதில் இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து நன்றாக மூச்சை விட்டேன்... வயிறு பொதுக்கென்று தளர்ந்து மடியில் இறங்கியது. அடக் கடவுளே, அப்படியானால் செய்தி முழுக்க எக்கிப் பிடித்துக்கொண்டா உட்கார்ந்திருந்தேன்? மேஜைதான் மறைத்திருந்ததே, பின்னே யாருக்காக?