பெற்றோல் மணம்

அருமைநாதனுக்கு மூக்கு இருந்தது, மணம் இல்லை. மே மாதம் வேலையிடத்தில் ஏணியிலிருந்து மல்லாக்க விழுந்து பின்மண்டை கொங்கிறீற்றில் அடிபட்ட நாளிலிருந்து அப்படித்தான். காயம் பத்து நாளில் ஆறிவிட்டது; மணம் திரும்பவில்லை. வீட்டில் பால் பழுதாகிவிட்டதா என்று மனைவி கிறேஸ்தான் மோந்து பார்த்துச் சொல்வாள். அவளைத் தவிர இந்தச் சங்கதி ஒருவருக்கும் தெரியாது.

தெரியவும் கூடாது என்றிருந்தார். டவுன்டவுன் உணவகங்களில் பதினொரு வருடம் சட்டி கழுவிய பிறகு, புரோசார்ட் ஊருக்குப் பக்கத்து ஆற்றங்கரைப் படகுத்துறையில் கிடைத்த எஞ்சின் வேலை இது. இங்கத்தைப் படகுகளில் பெற்றோல் எஞ்சின் உள்ளே, மூடிய அறைக்குள் இருக்கும். கசிகிற ஆவி போக வழியில்லாமல் அடியில் தேங்கும். ஆகவே எஞ்சினை இயக்கும் திறப்பைத் திருப்புமுன் மூடியைத் திறந்து மோந்து பார்க்கவேண்டும். முதல் நாளே முதலாளி சொன்ன சட்டம் அது. அருமைநாதன் கண்ணாலும் விரலாலும் சமாளித்தார். குழாய்களைத் தடவிப் பார்ப்பார். ஆவியை வெளியே தள்ளும் விசிறியை ஐந்து நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் ஓடவிடுவார். 2006 இலையுதிர் காலத்தில் முப்பத்தேழு படகுகளை அப்படியே குளிருக்குத் தயாராக்கி, வெள்ளைப் பிளாஸ்டிக்கால் பொதிந்து, கரையில் வரிசையாக நிறுத்தியாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை கடைசிப் படகு மட்டும் மிச்சம் இருந்தது. இரவு மைனஸ் எட்டுக்கு இறங்கும் என்று வானொலி சொன்னது. எஞ்சினுக்குள் தண்ணீர் நின்றால் உறைந்து இரும்பையே பிளந்துவிடும். கூட வேலை செய்யும் ஜெனாட் சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். உறையாத இளஞ்சிவப்புத் திரவம் வாளியில் தயாராக இருந்தது. எஞ்சினைச் சூடாக்கி, அதை உறிஞ்சவிட்டால் வேலை முடிந்தது.

"அண்ணை, மணம் பாத்தனீங்களோ? எனக்குத் தடிமன், மூக்கு அடைச்சுக் கிடக்கு."

"ஓம்," என்றார் அருமைநாதன்.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் என்னவோ லேசாக இருந்தது, சுமை இல்லாத வண்டி இறக்கத்தில் ஓடுவதுபோல. அவர் படகில் சாத்திய ஏணியில் நின்றபடியே படகின் பக்கத்திலிருந்த காற்றுத்துளையில் கையை வைத்தார். காற்றே வரவில்லை. மேலே ஜெனாட்டின் விரல்கள் திறப்பைப் பிடித்திருந்தன.

"தொடாதை! கையை எடு!"

ஜெனாட் திறப்பை விட்டான். பிறகு விசிறியை நிறுத்தக் கையை நீட்டினான்.

"அதையும் தொடாதை. ஒரு பொறி காணும், படகே வெடிச்சுப்போம்."

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு எஞ்சின் மூடியைத் தூக்கினார்கள். விசிறியின் குழாய் கழன்று ஒரு மூலையில் கிடந்தது. அடியில் தேங்கிய தண்ணீரில் வானவில் நிறங்கள் மெல்லச் சுழன்றன. அருமைநாதன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். சுள்ளென்று எரிந்தது.

"பெற்றோல்தான்."

ஜெனாட் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்கள் மோந்து பாத்தனெண்டு சொன்னியளே."

"எனக்கு மணம் தெரியாதடா. விழுந்ததிலையிருந்து."

"மே மாசத்திலையிருந்தோ?"

"ஓம்."

ஜெனாட் கீழே இறங்கினான். தூரத்தில் போய், ஆற்றைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். படகின் கதவுகளெல்லாம் விரியத் திறந்து கிடந்தன. ஒரு மணித்தியாலம் காற்று அடித்தது. அவ்வளவு நேரமும் அந்த விசிறி வீணாகச் சுற்றியது; அருமைநாதன் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது ஜெனாட் திரும்பி வந்தான். எஞ்சினை ஓட்டாமலே வேலையை முடித்தார்கள். பெற்றோல் தாங்கியின் வால்வைப் பூட்டி, அடியிலிருந்த திருகுகளைக் கழற்றித் துருத்தண்ணீரை வடித்து, திரவத்தைக் குழாய் வழியே கையால் ஊற்றினார்கள். மறுபக்கத்தால் அது இளஞ்சிவப்பாகவே வரும்வரை ஊற்றினார்கள். விரல்கள் மரத்துப்போயின.

கடைசியில் ஜெனாட் கேட்டான்: "பொஸ்ஸிட்டை நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

"நான் சொல்லுறன்."

தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் அவர் சொல்லி முடிக்கும்வரை முதலாளி குறுக்கே பேசவில்லை. கத்தவும் இல்லை. "எத்தனை படகு?" என்று மட்டும் கேட்டார். அருமைநாதன் சொன்னார். முதலாளி எழுந்துபோய் யன்னலுக்கு வெளியே அந்த வெள்ளை வரிசையைப் பார்த்தார்.

மறுநாள் காலை எல்லாப் பிளாஸ்டிக்கையும் கிழிக்கச் சொன்னார். கத்தி அருமைநாதனிடம், எஞ்சினைத் தொட இனி அவருக்கு அனுமதி இல்லை. அவர் கீறிவிட, முதலாளி தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் அந்தத் தலை வெளியே வரும்வரை அருமைநாதனால் மூச்சுவிட முடியவில்லை. பத்துப் படகுகளில் பழுதில்லை. பதினோராவதில் தலை நெடுநேரம் உள்ளேயே இருந்தது. வெளியே வந்த முதலாளி அவரைப் பார்க்கவேயில்லை. கசிவுக்கு அடையாளமாகக் கைப்பிடியில் சிவப்புத் துணியொன்றைக் கட்டிவிட்டு நடந்தார்.

அந்தப் படகை அருமைநாதனுக்கு ஞாபகம் இருந்தது. ஒக்டோபரில் ஒரு வெயில் நாள். அவர் கீழே நின்று சரியென்று தலையாட்ட, ஜெனாட்தான் திறப்பைத் திருப்பினான். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திருப்பினான்.

இன்னும் இருபத்தாறு இருந்தன. அவர் அடுத்த பிளாஸ்டிக்கில் கத்தியை வைத்தார்.