மலை பள்ளத்தில் விழவில்லை

ஓடும் பேருந்தின் சன்னல் வழியாக மலையைப் படம் எடுப்பவனுக்கு மலையும் கிடையாது, படமும் கிடையாது, மறுமையும் கிடையாது. இதை என் நண்பன் டோர்குவில் சிரிக்காமல் சொன்னான். ஸ்ட்ரோனே தீவின் கப்பல் துறையிலிருந்து வடக்கே போகும் பேருந்தில், எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். முன்வரிசையில் சன்னலோடு கைபேசியை ஒட்டிப் பிடித்திருந்த ஒரு வெளியூர்த் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். கணவர் கைபேசியைப் பைக்குள் போட்டார். மனைவி போடவில்லை.

நானும் அவனும் கிளாஸ்கோவில் ஒரு கல்லூரியில் புகைப்படம் படிக்கிறோம். அவன் அந்த நகரத்துக்காரன், நான் இந்தத் தீவுக்காரன். இறுதித் தேர்வுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு படம். எதை எடுக்கப் போகிறோம் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. டோர்குவில் பன்னிரண்டாவதாக எழுதிக் கொடுத்தது: ஆர்டல் கோட்டையும் அதற்குப் பின்னால் பென் கோர் மலையும், உச்சி உட்பட, ஒரே படத்தில். மற்ற பதினொன்றும் தயார். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பன்னிரண்டையும் தேர்வாளர்கள் முன்னால் வைக்க வேண்டும். போன வருடம் இதே தேர்வில் அவன் தவறினான். இரண்டாவது முறை தவறியவனைக் கல்லூரி வைத்துக்கொள்வதில்லை.

உச்சி உட்பட என்று அவன் எழுதியதை நான் அப்போதே பார்த்திருந்தால் தடுத்திருப்பேன். எங்கள் மலைக்குத் தலை உண்டு என்பதை ஊரில் பிறந்தவர்களே நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

என் அத்தை எஃபி வீட்டில் தங்கினோம். செவ்வாய் முதல் சனி வரை, ஐந்து நாள், காலை ஐந்து மணிக்குக் கோட்டைக்கு எதிரே கேமரா முக்காலியை நட்டு இரவுச் சாப்பாட்டு நேரம்வரை அங்கேயே நின்றான். மலை, இடுப்புக்கு மேலே மேகத்துக்குள் இருந்தது. மழை பெய்தது. மழை விட்ட நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத கடிபூச்சிகள் வந்து அவன் காதைத் தின்றன. ஒரு செம்மறி ஆடு முக்காலியில் முதுகைத் தேய்த்துக்கொண்டது. அவன் நகரவில்லை. தபால் கொடுக்கும் பீகி தினமும் வண்டியை நிறுத்தி, மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சா என்று கேட்பதைப் போல, மலை வந்ததா என்று விசாரித்துவிட்டுப் போனாள். நண்டு பிடிக்கும் மர்டோ கொஞ்சம் உதவியாகப் பேசினார்.

"மலை அங்கதான் தம்பி இருக்கு. வேணும்னா ஒரு தாள்ல எழுதி நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். படத்துக்குப் பின்னாடி ஒட்டிக்கோ."

டோர்குவில் நன்றி சொல்லி லென்சைத் துடைத்தான். மலையை எதிர்த்து நின்று இதுவரை தான் தோற்றதில்லை என்றான். இதற்கு முன்னால் எந்த மலையை எதிர்த்து நின்றாய் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை திரைச்சீலையை விலக்கினேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பென் கோர், உச்சியில் ஒரு விரல் அளவு பனியோடு, குளித்து முடித்த குழந்தையைப் போல உட்கார்ந்திருந்தது.

டோர்குவில் ஒரு காலில் காலணியோடு சமையலறைக்குள் ஓடினான். அங்கே அத்தை கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரின் ஓய்வுநாள், எங்கள் ஊரில் வேலை கிடையாது. அன்றைக்கான உருளைக்கிழங்கு சனிக்கிழமையே தோல் சீவித் தண்ணீரில் கிடக்கும். கொடியில் துணி தொங்காது. தவிர்க்க முடியாத காரியமும் இரக்கக் காரியமும் மட்டும் செய்யலாம். இதை நான் அவனுக்கு முன்பே சொல்லியிருந்ததால், அவன் வாதத்தோடுதான் வந்தான். இந்தப் படம் இல்லாவிட்டால் தன் படிப்பே போய்விடும், ஆகவே இது தவிர்க்க முடியாத காரியம் என்றான். அத்தை கையுறையை மாட்டிக்கொண்டே முழுதும் கேட்டாள்.

"ஓய்வுநாள்ல ஆடு பள்ளத்துல விழுந்தா தூக்கலாம்னு வேதத்துலயே இருக்கு கண்ணு. உன் மலை பள்ளத்துல விழுந்து கிடக்கா?"

"இல்லைங்க அத்தை."

"அப்ப நாளைக்கும் அங்கயேதான் நிக்கும். நீ போறதுன்னா போ, நான் கையைப் பிடிக்க மாட்டேன். எஃபி வீட்டு விருந்தாளி ஞாயித்துக்கிழமை முக்காலி தூக்கிட்டுப் போனான்னு ஊரே சொல்லும். நீ நாளைக்குக் கப்பல் ஏறிடுவ. நான் இங்கதான் இருக்கணும்."

அவன் காலணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தேவாலயத்தில் பிரார்த்தனை எவ்வளவு நேரம் என்று தாழ்ந்த குரலில் கேட்டான். ஒன்றேகால் மணி நேரம் என்றேன். முடிந்ததும் காலாற நடந்துவருகிறேன் என்று கிளம்பி, கோட்டுக்குள் கேமராவை வைத்துக்கொண்டு, முக்காலி இல்லாமலே எடுத்துவிடுவதாகத் திட்டம் போட்டான். நல்ல திட்டம். அன்று, சபையார் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்ளும் இராப்போஜன ஞாயிறு என்பதை மட்டும் நான் மறந்துபோயிருந்தேன். ஆண்டுக்கு இரண்டு முறை வரும் அந்த ஞாயிறன்று வெளியூர்ப் போதகர் வந்து பேசுவார். அப்படி வருகிறவர், வந்த தூரத்துக்கு ஈடாகப் பேசுவார்.

மூன்று மணி நேரம் பத்து நிமிடம். தேவாலய பெஞ்சில் அத்தைக்கும் மர்டோவுக்கும் நடுவில் டோர்குவில். நடுவில் எழுந்து போவதென்றால் மர்டோவின் முழங்காலைத் தாண்டிப் போக வேண்டும், அவை கதவைப் போன்ற முழங்கால்கள். இடப்பக்கச் சன்னலில் மலை முழுதாகத் தெரிந்தது. ஒருவர் வேதத்தின் சங்கீதப் பாட்டை ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுக்க, சபை அதை அலை அலையாக இழுத்துப் பாடியது. இரண்டாவது சங்கீதத்தில் உச்சிக்குப் பின்னால் ஒரு வெள்ளை மேகத் துணுக்கு எட்டிப் பார்த்தது. பிரசங்கத்தின் மூன்றாம் பகுதியில் மலையின் தோள் மறைந்தது. ஆசீர்வாதம் சொல்லி வெளியே விட்டபோது கோட்டை மட்டும் இருந்தது.

"ஒன்னேகால் மணி நேரம்னு சொன்னியேடா."

"மறந்துட்டேன்டா."

"சொந்த ஊர்லயா?"

அத்தை அன்று அவனுக்கு இரண்டு துண்டு கறி கூடுதலாக வைத்தாள்.

திங்கள் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து போனான். ஆறரை வரை மூடுபனிக்குள் நின்றான். கோட்டையே பாதிதான் தெரிந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, இன்னும் பத்தரை மணி நேரம் இருக்கிறது என்றான். அதில் ஒன்பது மணி நேரம் பயணம் என்று நான் சொன்னேன். மீதி ஒன்றரை இருக்கிறதே என்றான்.

ஏழு மணிப் பேருந்தில் ஓட்டுநர் டோனி, முக்காலி கட்டிய பெரிய பையை உள்ளே விடவில்லை. அது கேமராவோடு கீழே சாமான் அறைக்குள் போனது. பள்ளிக்குப் போகும் பெண்கள் பின்வரிசையை நிரப்பியிருந்தார்கள். விரிகுடாவைச் சுற்றி மேலேறும் வளைவில் வண்டி திரும்பியபோது காற்று மாறியது. மூடுபனி தண்ணீரிலிருந்து மேலெழுந்தது, கோட்டை முழுதாக வந்தது, பிறகு அதன் பின்னால் மேகம் இரண்டாகப் பிளந்து பென் கோர் தலையைக் காட்டியது.

டோர்குவில் முன்னால் ஓடி, ஒரே நிமிடம் நிறுத்தச் சொன்னான். டோனி கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"தம்பி, மலை எங்கயும் போகாது. எட்டேகாலுக்குக் கப்பல் போயிடும். போய் உக்காரு."

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். அரை மைல் தூரத்தில் கல்குவாரி. அதைத் தாண்டினால் கோட்டையும் மலையும் ஒரே படத்தில் அடங்காமல் பிரிந்துவிடும்.

சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தான். என்னைப் பார்த்தான். வலப்பக்க வயலில் மேய்ந்த ஆடுகளைப் பற்றி எனக்குத் திடீரென்று பெரிய ஆர்வம் வந்தது. முதுகுக்குப் பின்னால், கண்ணாடியைச் சட்டைக்கையால் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"டேய், கொஞ்சம் குனி. உன் தலை கண்ணாடியில தெரியுது."

குனிந்தேன்.