வேலிக்கு அந்தப் பக்கத்துக் காய்

எங்கள் செடியில் ஒரே ஒரு பூசணிக்காய்தான். ஊர்க் காய்கறிக் கண்காட்சிக்கு அது பெரிதாக வேண்டும் என்று மற்ற பிஞ்சுகளை அம்மா கிள்ளி எறிந்துவிட்டாள். பக்கக் கொடிகளின் நுனியை வெட்டி, வெட்டிய முனையை மண்ணால் மூடுவாள். "பாவம் பார்த்தா கொடி ஊர் சுத்தும், காய் சூம்பிடும்."

ஆனால் அதைவிடப் பெரிய காய் வேலிக்கு அந்தப் பக்கம், தையல்காரச் சித்தி வீட்டில் இருந்தது. அதற்கு நிழலாக ஒட்டுத்துணியில் தைத்த பந்தல் வேறு. அதைப் பார்த்த நாள் முதல் அம்மாவுக்குத் தூக்கமில்லை.

இன்று காலை வேலியடியில், அங்கே போகும் கொடி எங்கள் மண்ணில் புதைந்திருப்பதைக் கண்டாள்.

"பாத்தியாடி! காய் அங்க, வேர் இங்க. நம்ம எருவைத் தின்னுதான் ஊதியிருக்கு."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றேன்.

"வாயே திறக்காதவ, அவளுக்காகத் திறக்கிறியா?"

அம்மாவின் கத்தரி ஒரே கடியில் கொடியை முடித்தது.

மத்தியானம் சித்தி வேலியோரம் வந்தாள். "அக்கா, உங்க கொடி வாடிப்போச்சு. எலி கடிச்சிருக்குமோ?"

"எங்க கொடியா?"

"ஆமாக்கா, வேலிக்கடியில வந்து இங்க காய்ச்சுது. கண்காட்சியன்னிக்குத் தூக்கிட்டு வந்து உங்ககிட்ட குடுத்து அசத்தலாம்னு பாத்தேன்."

அம்மா கத்தரியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "எலிதான்" என்றாள்.

"நீ பாத்தியாம்மா?" என்று சித்தி என்னைக் கேட்டாள். நான் என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்தி பந்தல் துணியை மடித்து நீட்டினாள். "இனி இதுக்கு எதுக்கு? உங்க காய்க்குப் போடுங்க."

அவள் போனதும் அம்மா மண்ணைக் கையால் கிளறினாள். புதைந்த தண்டு வளைந்து வளைந்து எங்கள் செடியின் அடிக்கே வந்து சேர்ந்தது. அம்மா காய்ச்சலில் கிடந்தபோது அந்தப் பக்கத்தைக் கவனித்தவர் அப்பா.

"நுனியை வெட்டினீங்களா?" என்று அவரைக் கேட்டாள்.

"வெட்டலையே. மூடச் சொன்னே, மூடினேன்."

வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். இன்று அம்மா கிளறிய மண்ணைத் திரும்ப மூடினாள்.

சாயங்காலம் துணியை எடுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். சித்தி வேலியடியில் குந்தி, எலிப்பொறியில் ரொட்டித் துண்டு செருகிக்கொண்டிருந்தாள்.

"பொறி வேண்டாம்மா."

"ஏங்க்கா?"

"எலி இங்கதான் நிக்குது."

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். முதலில் அம்மாவை, பிறகு என்னை. ரொட்டியை உருவி எடுத்தாள். அம்மா நீட்டிய துணியை வாங்காமலே உள்ளே போனாள்.