துண்டுக்குள்ளே பாலக்காடு

புதுக்கட்டளையில் இருபத்தைந்து வீடு கையெழுத்துப் போட்டால் ஃபைபர் கேபிள் ஊருக்குள் வரும். இருபத்து நான்கு என்றால் வராது. மாலை ஆறு மணிக்குள் கணக்கு சேரவில்லையென்றால், கடைமுனையில் மினி லாரி மேல் உட்கார்ந்திருக்கும் கறுப்புக் கேபிள் உருளை அடுத்த ஊருக்குப் போய்விடும். கம்பெனிச் சட்டம். குடவாசலிலிருந்து வந்திருந்த ஆஸிம் இதைச் சொல்லும்போது, சட்டம் போட்டது நான் இல்லை என்பதுபோல இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

கேபிள் எட்டுகிற தூரத்தில் அடுப்பெரிகிற வீடே இருபத்தைந்துதான். மற்றதெல்லாம் பூட்டு; சாவி சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிறது. ஆக, ஒரு வீடு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் போச்சு.

மணி நான்கு. கையெழுத்து ஒன்பது.

முதல் கையெழுத்து எழில்மொழியுடையது. ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற வேலை அவளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் வீட்டுக்கு வயர் இணைப்பு வேண்டும். திங்கட்கிழமை காலை வேகத்தை அளந்து படம்பிடித்து அனுப்ப வேண்டும். முடியாதென்றால் சென்னைக்கு வந்து ஹாஸ்டலில் இரு என்று சொல்லிவிட்டார்கள். ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் போக மாதக் கடைசியில் மிஞ்சுவதில் ஒரு பெருங்காய டப்பா வாங்கலாம். பெரிய டப்பா என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இப்போதைக்கு அவள் போனில் நாலு கோடு தெரிய வேண்டுமானால் போர்செட் கொட்டகை மேல் ஏறவேண்டும். ஏறினால் மட்டும் போதாது, அங்கே ஏற்கெனவே இருக்கிற மயிலோடு சமாதானமும் பேசவேண்டும்.

மற்ற பதினாறு வீடு ஏன் கையெழுத்துப் போடவில்லை? வைரக்கண்ணு இன்னும் தலையை ஆட்டவில்லை. அவ்வளவுதான் காரணம்.

வைரக்கண்ணு தரகர். மாடு, வைக்கோல் இரண்டும் அவர் சரக்கு. அறுவடை முடிந்து மிஷின் கட்டிப்போட்ட வைக்கோல் கட்டெல்லாம் அவர் கை வழியாகத்தான் பாலக்காட்டுப் பண்ணைக்குப் போகும். கை வழியாக என்றால் நிஜமாகவே கை வழியாகத்தான். வாங்குகிறவர் கையும் அவர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். மூடிய கை நூறு ரூபாய். அப்புறம் நீட்டுகிற ஒவ்வொரு விரலும் பத்து. உள்ளே பேரம் கொதித்துக்கொண்டிருக்க, வெளியே இரண்டு முகமும் கல்யாண வீட்டில் மூன்றாம் பந்தியிலும் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி இருக்கும். படிந்ததும் துண்டை உதறுவார். விற்கிறவர்களிடம் ஒரு விலை சொல்லுவார். உள்ளே படிந்ததும் வெளியே வந்ததும் ஒரே விலைதானா என்று கேட்பது மரியாதையில்லை. புதுக்கட்டளை மரியாதை தெரிந்த ஊர்.

"வயருல வைக்கோல் போவுமா?" என்று கோவிந்தராசுவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வைரக்கண்ணு கேட்டார். கடையே சிரித்தது.

"வைக்கோல் போவாது மாமா. வெலை வரும்," என்றாள் எழில்மொழி.

"வெலை வயருல வர்றதில்ல பாப்பா. வெரல்ல வருது."

இதற்கும் கடை சிரித்தது. வியாபாரத்தில் இது பழைய விதி: கூட்டம் யார் பக்கம் சிரிக்கிறதோ அந்தப் பக்கம் தராசு சாயும். எழில்மொழிக்கு அது தெரியும். ஆஸிம் மாதிரிக்காக மெயின் ரோட்டுக் கேபிளிலிருந்து கடை வரைக்கும் ஒரு வயரை இழுத்துவந்து, கோவிந்தராசுவின் பெரிய டிவியில் கோர்த்திருந்தான். "படம்தான் ஓசி, டீ ஓசியில்ல" என்று கோவிந்தராசு மூன்று முறை அறிவித்தாயிற்று.

எழில்மொழி டிவியைக் காட்டினாள். "எங்க அம்மாவோட நூத்திப் பத்துக் கட்டு வரப்போரம் கெடக்கு. இந்த டிவியிலயே பாலக்காட்டுக்காரரக் கூப்புட்டு இப்பவே வித்துக் காட்டறேன். வித்துட்டா எல்லாரும் கையெழுத்து. சரியா?"

அவளுடைய அம்மா தங்கம்மாள் கிழக்கே பார்த்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்த வைக்கோலை மாடும் கேட்காது. "யாரு வித்தாலும் சரி, மழைக்கு முன்னாடி வித்துக் குடுங்க. வைரக்கண்ணு அண்ணன் கட்டுக்குத் தொண்ணூறு தேறுமான்னு பாக்கறேன்னுச்சு."

வைரக்கண்ணு பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். பாலக்காட்டு முதலாளியோடு ஊரார் நேரே பேசுவதா? "பேரம் நான்தான் பேசுவேன். இருவது வருசப் பழக்கம். என் போன்லயே கூப்புடு. இந்த வயரு எதுக்கும் ஆவாதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

ஆஸிம் அவர் போனை வாங்கி இணைப்புக் கொடுத்தான். "அண்ணே, ஒங்க போன்ல என்னென்ன தெரியுதோ அது பூராவும் டிவியிலயும் தெரியும். சரிங்களா?"

"சரி சரி," என்றார் வைரக்கண்ணு, பாங்கு ஃபாரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் சொல்லுகிற அதே சரி.

போன் மணி அடித்தது. டிவியில் முதலில் வந்தது ஒரு மாடு. இவ்வளவு பெரிய மாடு, இவ்வளவு கிட்டத்தில், மூக்கில் ஈ உட்காருவதுகூடத் தெரிந்தது. கூட்டம் "ஹோ" என்று கத்தியது. பிறகு மாட்டை ஒதுக்கிக்கொண்டு பாலக்காட்டுப் பண்ணைக்காரர் வந்தார்.

"அது நம்ம வைக்கோல் தின்ன மாடாங்க?" என்றாள் தங்கம்மாள்.

"ஆமாம்மா, நல்லாக் கறக்கும்!" என்றார் அவர். தங்கம்மாளுக்குப் பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல முகம் மலர்ந்தது.

வைரக்கண்ணுவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. முப்பது பேர் பார்க்க விலை பேசுவதா? சந்தையில் நடுவில் நின்று வேட்டி மாற்றுகிற மாதிரி. அவர் டிவிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தார். இடக்கையில் போனைப் பிடித்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து உதறினார். போனையும் வலக்கையையும் சேர்த்து மூடினார். ஓரத்தைத் தூக்கி ஒரு கண்ணால் உள்ளே எட்டிப் பார்த்தார்.

துண்டு போட்டால் யாருக்கும் தெரியாது. நாற்பது வருஷமாகத் தெரியவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் டிவியின் மூலைச் சதுரத்தில், மெல்லிய துண்டைத் துளைத்து வந்த மாலை வெயிலில் சந்தன நிறமாக, அவருடைய வலக்கை மோதிரத்தோடு ஜொலித்தது. மீதி டிவி முழுக்கப் பாலக்காட்டுக் கை.

பாலக்காடு கையை மூடியது. பிறகு மூன்று விரலை நீட்டியது.

"நூத்தி முப்பது," என்று முணுமுணுத்தார் கோவிந்தராசு, டீ ஆற்றுவதை நிறுத்தி. ஒரு மாடாவது விற்காத வீடு ஊரில் இல்லை. விரல் எல்லோருக்கும் தெரியும். பிறத்தியார் விரலைப் பார்க்கத்தான் இதுவரை கொடுத்து வைக்கவில்லை.

வைரக்கண்ணுவின் கை மூடிக்கொண்டு, ஐந்து விரலையும் நீட்டி, இன்னும் ஒன்று சேர்த்தது.

"நூத்தி அறுவது கேக்கறாரு!" என்று ஒருவர் பக்கத்துக் காதில் கிசுகிசுத்தார்.

"ஷ்ஷ்!"

 பாலக்காடு நாலு விரல். வைரக்கண்ணு மறுபடி ஆறு. பாலக்காடு மாட்டைத் திரும்பிப் பார்த்தது. மாடு ஒன்றும் சொல்லவில்லை. மூடிய கை, ஐந்து விரல். வைரக்கண்ணுவின் கட்டைவிரல் மேலே எழுந்து சம்மதம் சொன்னது.

துண்டு உதறப்பட்டது. வெளியே வந்த முகத்தில் அப்படியொரு சோகம்.

"என்னத்தச் சொல்ல தங்கச்சி. அங்க நல்ல மழையாம். பச்சப்புல்லு எடுப்பாரில்லாமக் கெடக்காம். ஆளு எண்பதுலயே நிக்கறான். நான்தான் தொண்டத்தண்ணி வத்தப் பேசி ஒனக்காவத் தொண்ணூறு..."

"நூத்தம்பது உறுதிதானே வைரக்கண்ணு?" என்றது டிவி.

 வைரக்கண்ணு மெல்லத் திரும்பினார். டிவியின் மூலையில் தன் இடது மூக்குத் துவாரத்தையும், அதற்கு மேலே திகைத்துப்போன ஒரு கண்ணையும் கண்டார். பெரிய படத்தில் பாலக்காட்டுக்காரர் கையை மூடி, ஐந்து விரலை நீட்டி, பதிலுக்குக் காத்திருந்தார்.

தங்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏண்ணே, துண்டுக்குள்ள மழை பெய்யலியே?"

அதோடு ஊர் உடைந்தது. பெஞ்சு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ஒருவர் சிரித்துச் சிரித்துக் கேபிள் உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கோவிந்தராசு ஓசியில்லாத டீயைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டு அதற்கும் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே பேனாவுக்குச் சண்டை. "எனக்கு மொதல்ல போடு தம்பி!" "யோவ், எங்க வீடு தெரு மொதல் வீடுய்யா!" கால் மணியில் பதினைந்து கையெழுத்து விழுந்தது.

ஆஸிம் எண்ணினான். மறுபடி எண்ணினான். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது.

இருபத்து நான்கு.

மிச்சம் ஒரே வீடு. அந்த வீட்டுக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். மணி ஐந்து நாற்பது. லாரி டிரைவர் எஞ்சினைக் கிளப்பிச் சூடு பார்த்தான்.

"அந்த ஆளுகிட்டப் போயிக் கெஞ்சாத," என்றாள் தங்கம்மாள்.

"கெஞ்சலம்மா."

எழில்மொழி போய் வைரக்கண்ணுவுக்கு எதிரே உட்கார்ந்தாள். துப்பட்டாவை எடுத்து உதறினாள். தன் வலக்கை மேல் விரித்தாள்.

"வாங்க மாமா. பேசலாம்."

வைரக்கண்ணு துண்டை விலக்கிப் பார்த்தார். "பொம்பளப் புள்ளயோட நான் வெரல் புடிச்சதில்ல."

"எங்களுக்கும் அஞ்சு வெரல்தான் மாமா. எண்ணிப் பாத்துக்கங்க. நாளையிலேருந்து வெலை டிவியில வரும். ஆனா லாரி யாரு புடிக்கிறது? ஏத்தறதுக்கு ஆளு? பாலக்காட்டுக்காரரு பணம் அனுப்பலன்னா சண்ட போடறது? நான் பில்லு பாக்கவே நேரம் காணாது. கட்டுக்கு ஒரு கமிஷன் பேசிக்கலாம். ஒரு வெரலுக்கு ஒரு ரூவா."

தரகர் கை பேரத்தைக் கண்டு சும்மா இருக்காது. அது நாய்க்கு வால் மாதிரி. வைரக்கண்ணுவின் கை துப்பட்டாவுக்குள் போனது.

அவர் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாம் பந்தியிலும் இடம் கிடைக்காத முகம். கையை உருவி அவருடைய சுண்டுவிரலை மட்டும் பிடித்தாள். அவர் நான்கு. அவள் மறுபடி அதே சுண்டுவிரல். அவருடைய புருவம் ஏறியது. எஞ்சின் உறுமியது. "ஆறாவப் போவுது!" என்று ஆஸிம் கத்தினான். அவள் இரண்டு. அவர் விடவில்லை. கடைசியில் மூன்று விரலில் இரண்டு கையும் நின்றன.

துப்பட்டாவை உதறிவிட்டு எழில்மொழி எழுந்தாள். "கட்டுக்கு மூணு ரூவா. லாரி, ஆளு, வசூல் எல்லாம் மாமா பொறுப்பு."

கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது.

"மூணுதான்," என்றார் வைரக்கண்ணு. உள்ளே படிந்த விலை அப்படியே வெளியே வந்தது புதுக்கட்டளையில் அதுதான் முதல் தடவை. அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

எங்கிருந்தோ கைதட்டல் கேட்டது. வைரக்கண்ணு பெஞ்சில் விட்ட போனைக் கோவிந்தராசு எடுத்துப் பிஸ்கட் பாட்டில் மேல் சாய்த்து வைத்திருந்தார்; அதை யாரும் அணைக்கவில்லை. டிவியில் பாலக்காட்டுக்காரர், அவர் மனைவி, பால் கறக்கிற இரண்டு பேர் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்து தட்டினார்கள். பின்னால் மாடு.

வைரக்கண்ணு கையெழுத்துப் போட்டபோது ஆறு அடிக்க நான்கு நிமிஷம். உருளை லாரியிலிருந்து இறங்கி மண்ணில் உருண்டது. முதல் தூறலும் கூடவே விழுந்தது. வைக்கோலை மூடத் தார்ப்பாயோடு பாதி ஊர் ஓடியது, நூற்றைம்பது ரூபாய் கட்டு என்பதால் கொஞ்சம் வேகமாகவே ஓடியது.

வைரக்கண்ணு ஆஸிமை ஓரமாக இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இந்தக் கேமராவ மூடற பட்டன் எது?"

ஆஸிம் எழில்மொழியைப் பார்த்தான். அவள் தார்ப்பாயின் ஒரு முனையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டி ஓடியபடியே திரும்பிக் கத்தினாள்:

"ஒங்க பிளான்ல அந்தப் பட்டன் கெடையாது மாமா!"