பொத்தான் அளவு ஓட்டை

பாலத்துக்கு முன்னால் வந்ததும் வண்டி தானாக நின்றது. அவர்தான் நிறுத்தினார், ஆனால் நிறுத்தியது அவருக்கே தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக மனைவி இறங்கிக்கொள்ளும் இடம் அது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரேங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இடது பக்கச் சரிவில் இறங்கி அவள் தன் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அவர் பாலத்தைத் தாண்டி, மேடேறி, தன் பள்ளிக்கூடத்துக்குப் போவார்.

இன்றைக்கு அவள் இறங்கவில்லை.

"என்னங்க, நின்னுட்டீங்க? நீங்களும் இங்கதான்," என்றாள் பின்னாலிருந்து.

அவர் வண்டியை இடப்பக்கம் திருப்பினார்.

மேட்டுப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர், கீழ்ப் பள்ளிக்கு அவள். இரண்டும் ஆரம்பப் பள்ளிகள்; இங்கே மணி அடித்தால் அங்கே கேட்கும். ஒருகாலத்தில் இரண்டிலும் உட்கார இடமில்லாமல் வராந்தாவில் பாய் விரித்தார்கள். பிறகு வேலை தேடி இளவட்டங்கள் கிளம்பினார்கள். கிளம்பாதவர்கள் வீட்டில் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டார்கள். மேட்டுப் பள்ளியில் சேர்க்கை இரட்டை இலக்கத்தைத் தொடுவதற்கே திணறியது. நாலாம் வகுப்பில் மொத்தமே ஒரே ஒரு பெண். வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் பேரைக் கூப்பிடுவதற்கே அவருக்குச் சங்கடமாக இருக்கும். அவள்தான் எதிரில் உட்கார்ந்திருக்கிறாளே. அவளுக்கு அவர் வைத்த பேர் ஒத்தப்புள்ள.

கடைசியில் இரண்டையும் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. கீழ்ப் பள்ளிக் கட்டடம் உறுதியானது, தண்ணீர் வசதி உண்டு. ஆகவே கட்டடம் அவளுடையது. பணி மூப்பில் இரண்டு வருஷம் மூத்தவர் என்பதால் நாற்காலி அவருடையது. உத்தரவைக் கொண்டுவந்த அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "வேற ஊர்ல இதுக்கு அடிதடியே நடக்குது சார். உங்களுக்குக் குடும்பத்துக்குள்ளயே முடிஞ்சுபோச்சு."

வீட்டில் அது முடியவில்லை, ஆரம்பிக்கவும் இல்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. சண்டை போட்டிருந்தால் பதில் வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் கால அட்டவணை போட்டபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாலு, அஞ்சு ரெண்டும் நான் எடுத்துக்கறேன். கணக்கு, அறிவியல் எல்லாம் எங்கிட்ட இருக்கட்டும். மூணாம் வகுப்பு அந்தச் சின்ன டீச்சருக்கு. ஒண்ணு, ரெண்டு உனக்கு. குட்டிப் பசங்கன்னா உனக்குத்தான் சரிப்படும்."

"சரிங்க," என்றாள். குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு வந்து நின்றாள். "நாலாம் வகுப்புல வெளிச்சம்னு ஒரு பாடம் வருமே. அத மட்டும், ஒரே ஒரு தடவ, நான் எடுத்துக்கறேனே."

"எடுத்துக்கயேன். அதுக்கென்ன," என்றார் தாராளமாக. வீட்டில் அவள் எதையும் இப்படித்தான் கேட்பாள். திரைச்சீலைக்கு என்ன நிறம், வெளியூரில் படிக்கும் மகனுக்கு எப்போது போன் செய்வது, எல்லாவற்றுக்கும் அவர் முகத்தைப் பார்ப்பாள். பேச்சைப் பாதியில் விட்டுவிடுவாள். மீதியை அவர்தான் முடித்துவைப்பார்.

அவள் பாடம் நடத்தி அவர் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை. அவளுக்கு வகுப்பு நடக்கிற நேரத்தில்தானே அவருக்கும் வகுப்பு. அவள் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். அவ்வளவுதான்.

முதல் வாரம் பூராவும் ஒரே குழப்பம். அவர் ஞாபகமில்லாமல் "ஏம்மா" என்று வராந்தாவில் கூப்பிட, அவள் திரும்புவதற்குள் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்கப்புறம் அவர் அவளை "டீச்சர்" என்றார், அவள் அவரை "சார்" என்றாள். அதைச் சொல்லும்போது இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். மேட்டுப் பிள்ளைகள் கோழிக்குஞ்சுகள் போல ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டார்கள். ஒத்தப்புள்ள தன் பென்சில் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, சுற்றிலும் தன் வயசிலேயே இத்தனை பேரா என்று பார்த்தபடி இருந்தாள்.

வெளிச்சப் பாடத்துக்கான நாள் வந்தது. நல்ல வெயில். புதுத் தலைமையாசிரியர் வகுப்புகளைப் பார்வையிட வேண்டும் என்பது விதி. அவர் நாலாம் வகுப்பில் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் மேசையில் இடித்தது. மேற்குப் பக்கச் சன்னல்களையெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டி அடைத்திருந்தார்கள். கதவிடுக்கில் சாக்குத் துணி. நாலும் அஞ்சும் ஒன்றாக உட்கார்ந்து கசகசவென்று பேசிக்கொண்டிருந்தன.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். இருட்டு விழுந்தது. ஒருத்தன் ஊளையிட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். மேட்டுப் பிள்ளைகள் பக்கம் யாரோ விசும்ப ஆரம்பித்தார்கள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அவருடைய பள்ளியாக இருந்தால் இந்நேரம் ஒரு அதட்டல் போட்டிருப்பார்.

அவள் பேசினாள். அதட்டவில்லை, குரலை இறக்கினாள். எவ்வளவு இறக்கினாள் என்றால், கேட்கவேண்டுமானால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"பயமா இருக்கறவங்க பக்கத்துல இருக்கற கையப் பிடிச்சுக்கோங்க. யாரு கைன்னு பாக்காதீங்க. எப்படியும் தெரியாது."

இருட்டுக்குள் சிரிப்பு ஒன்று மெல்ல ஓடி அடங்கியது. பிறகு சத்தமே இல்லை. அத்தனை பிள்ளைகளின் மௌனத்தை அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டதில்லை. பரீட்சையில்கூட யாராவது இருமுவார்கள். இது வேறு மாதிரி இருந்தது. அறை முழுக்க ஒரே உடம்பாகி அவள் சொல்லப்போவதைக் கேட்கக் காத்திருந்தது. அவர் தன் கையைப் பார்த்தார், தெரியவில்லை. இந்தக் குரல் எந்தப் பெண்ணுடையது என்று ஒரு கணம் அவருக்கு நிஜமாகவே சந்தேகம் வந்தது.

"இப்ப ஒரு சின்ன ஓட்டை திறக்கப்போறேன். சட்டைப் பொத்தான் அளவுதான். உடனே ஒண்ணும் தெரியாது. கண்ணு பழகணும். தெரியறவங்க வாயத் திறக்கக் கூடாது. எல்லாருக்கும் தெரியறவரைக்கும் காத்திருக்கணும். சரியா?"

சன்னலில் ஒரு வெள்ளைப் புள்ளி முளைத்தது.

எதிர்ச்சுவரில் முதலில் வெறும் சாம்பல் கலங்கல். பிறகு அதன் அடிப்பகுதியில் நீலம் ஊறியது. மேலே பச்சையாக ஏதோ அசைந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அசைவது மரம். முற்றத்து மரம், ஒவ்வோர் இலையும் காற்றில் சிலிர்க்க, உத்தரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நீலம் என்று நினைத்தது வானம். அது தரையோரமாகக் கிடந்தது. நடுவில் பாலம் வந்தது. சக்கரம் மேலே இருக்க, கூரை கீழே இருக்க, ஒரு சிவப்புப் பேருந்து சத்தமில்லாமல் பாலத்தில் ஊர்ந்து போனது. பாலத்துக்கு அப்பால் மேடு, மேட்டில் ஓட்டுக்கூரை. அவர் பள்ளிக்கூடம். காலை வெயிலில் அதன் ஓடுகள் அவர் நேரில் பார்த்ததைவிட அழகான சிவப்பாக இருந்தன.

யாரும் வாய் திறக்கவில்லை. அதுதான் அவரால் நம்ப முடியாததாக இருந்தது. பேருந்து போனபோது அறை முழுவதும் ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது, அவ்வளவுதான். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் கோடு போட்டவர் அவர். பிள்ளைகள் அந்தக் கோட்டைப் பார்த்து எழுதுவார்கள், அவர் சரி போடுவார். அந்தக் கோடுகள் இப்படி ஒரு மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் போடும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் பார்த்ததில்லை.

"எல்லாருக்கும் தெரியுதா? சரி, இப்பப் பேசலாம்."

அறை வெடித்தது. "பஸ்ஸு! பஸ்ஸு!" "எங்க ஸ்கூலு டீச்சர், அந்தா!" "ஏன் டீச்சர் தலைகீழா இருக்கு?"

"ஆமால்ல. ஏன் தலைகீழா இருக்கு?" என்று அவளும் கேட்டாள், நிஜமாகவே தெரியாதவள் போல.

அவருக்கு நாக்கு அரித்தது. "அது வந்து, ஒளிக்கதிர்..." என்று ஆரம்பித்தேவிட்டார்.

"சார், கொஞ்சம் பொறுங்க," என்றது குரல், அவர் பக்கம் திரும்பாமலே.

பிள்ளைகள் கிளுகிளுத்தார்கள். வீட்டில் அவள் அவரை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர் பொறுத்தார்.

ஒருத்தன் காகிதம் திருப்பி ஒட்டியிருக்கிறது என்றான். இன்னொருத்தி கண்தான் தப்பாகப் பார்க்கிறது என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவள் "அப்படியா, எப்படிச் செக் பண்ணலாம்?" என்றாள். அவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள், ஓட்டையைக் கையால் பாதி மறைத்துப் பார்த்தார்கள். அவளுக்கு அவசரமே இல்லை. இவ்வளவு நேரம் பதிலைச் சொல்லாமல் வைத்திருக்க அவரால் முடியாது, வயிறு வலித்திருக்கும்.

அப்போது மூலையிலிருந்து ஒரு சின்னக் குரல். "நீளமான கம்பு மாதிரி."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒத்தப்புள்ள. நாலு வருஷமாக அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் தரையைப் பார்த்தவள். மந்தம் என்று அவர் எப்போதோ முடிவு கட்டியிருந்தார். ஒரே ஆள் இருக்கும் வகுப்பில் எல்லாக் கேள்வியும் அவள் தலையில்தான் விழுந்தது என்று இப்போதுதான் உறைத்தது. இங்கே கேள்வி நடுவில் கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

"இங்க வந்து செஞ்சு காட்டு," என்றாள் மனைவி.

ஒத்தப்புள்ள வெளிச்சத்துக்கு வந்து, இல்லாத ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். "வேலில ஓட்டை இருந்தா கம்ப விடுவோம்ல. இந்தப் பக்கம் நம்ம கைய இறக்குனா, அந்தப் பக்கம் நுனி மேல போகும். வெளிச்சமும் வளையாதுன்னா... மரத்து உச்சி கீழ வந்துரும். அடி மேல போயிரும்." நிறுத்தினாள். எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது. ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கு இது இவ்வளவு நல்லா சொல்லத் தெரியாது," என்றாள் மனைவி. அது பாராட்டுக்காகச் சொன்னதல்ல, உண்மையில் ஆச்சரியப்படுகிறாள் என்று அவருக்கு அவள் குரலிலேயே தெரிந்தது.

மணி அடித்து, பிள்ளைகள் கூச்சலோடு வெளியே போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. சுவரில் மரம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"வருஷா வருஷம் இத செய்வியா?"

"ம்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"சொன்னேனே. கல்யாணமான புதுசுல. நீங்க உடனே ஒரு பேப்பர எடுத்து, கோடு போட்டு, ஏன் தலைகீழா விழுதுன்னு எனக்கு விளக்குனீங்க." காகிதத்தின் ஓரம் பிரிந்திருந்ததை அழுத்தி ஒட்டினாள். "கோடெல்லாம் சரியாத்தான் போட்டிருந்தீங்க."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. நடமாட்டம் மட்டும் தெரிந்தது. பசையிருந்த இடமும் துணியிருந்த இடமும் பார்க்காமலே அவள் கைக்குத் தெரிந்திருந்தன. ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் இருந்தது யாரோடு என்று யோசித்தார். பயம் மாதிரி ஒன்று வந்தது. ஆனால் அது பயம் இல்லை.

"நாலும் அஞ்சும் நீயே வச்சுக்க," என்றார். "அட்டவணைய மாத்திடறேன்."

"அப்ப ஒண்ணு, ரெண்டு நீங்க எடுப்பீங்களா?"

"எடுக்கறேன்."

"அது இதவிடக் கஷ்டம்ங்க," என்றாள். இருட்டில் அவள் சிரிப்பது கேட்டது. "அத அப்பறம் பேசலாம். இப்பக் குட்டிப் பசங்க வருவாங்க, அவங்களுக்கும் காட்டணும். மரம், பாலம் எல்லாம் அவங்களுக்குப் பத்தாது, ஆள் வேணும். எப்பவும் காவலாளிதான் நிப்பார், இன்னிக்கு அவர் லீவு. வெயில்ல போய் நிக்கறீங்களா?"

"நின்னு?"

"எதாவது செய்ங்க. அவங்க சிரிக்கணும், அவ்வளவுதான்."

தலைமையாசிரியர் வெளியே வந்தார். கண் கூசியது. சின்ன டீச்சர் ஒண்ணாம் வகுப்பை வரிசையாக உள்ளே ஓட்டிக்கொண்டு போனாள், கதவு சாத்தப்பட்டது. முற்றத்தில் அவர் மட்டும் நின்றார். எதிரில் கறுத்து அடைத்த சன்னல், அதில் பொத்தான் அளவு ஓட்டை. அதற்குள் ஒன்றும் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே சைக்கிளில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து அவரைப் பார்த்தார்.

அவர் செருமிக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வலது கையை மெதுவாகத் தூக்கினார். சத்தமில்லை. உள்ளே பிள்ளைகளுக்கு இன்னும் கண் பழகவில்லை போலும். கையை இறக்காமல் காத்திருந்தார். இடது கையையும் தூக்கி, இரண்டையும் சேர்த்து அசைத்தார். அப்புறம், சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு குதி குதித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை பிஞ்சுக் குரலும் ஒன்றாகச் சேர்ந்து "ஓ" என்று எழுந்தது. அவர் மூச்சு வாங்க அந்தச் சின்ன ஓட்டையையே பார்த்துக்கொண்டு, மறுபடியும் குதித்தார்.