ஒரே அளவுக் கொடுவா

மீன் சந்தையில் எதிரெதிராக இரண்டு கடைகள். ஒன்றில் அண்ணி, மற்றதில் அவள் கொழுந்தன். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சந்தைக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். இரண்டு கடையிலும் கொடுவா மீன்தான். அண்ணியின் பலகையில் கிடப்பது அவள் கணவர் படகில் போய்ப் பிடித்தது. கொழுந்தன் விற்பது தன் குட்டையில் தீனி போட்டு வளர்த்தது. கடல் மீனுக்கு விலை கூடுதல். இத்தனை நாளும் அதற்கு யாரும் முகம் சுளித்ததில்லை.

இப்போது ஓட்டல் மாஸ்டர் சுளித்தார்.

"முழு மீனாப் பொரிச்சு வைக்கிறோம் அண்ணி. பக்கத்து டேபிளுக்குப் பெருசு போயிட்டா இந்த டேபிள்ல சண்டை. விலை ஒண்ணு, மீன் மட்டும் ரெண்டு விதமான்னு கேக்குறாங்க. உங்க கொழுந்தன் மீனைப் பாருங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசையில நிக்கிற மாதிரி! நாளைக்குக் காலைல வந்து முடிவு சொல்றேன்."

அந்த ஓட்டல் போனால் அவள் வியாபாரத்தில் பாதி போச்சு. அண்ணிக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் ஒரு முடிவோடு வந்தாள். வந்த மீனையெல்லாம் கையால் அளந்து, ஒரே அளவாக இருந்ததை மட்டும் பொறுக்கினாள். பெரியது, பொடியது, வலை கீறியது எல்லாம் பலகைக்கு அடியில் ஐஸ் பெட்டிக்குள் போயின. பொறுக்கியதைத் தேய்த்துக் கழுவி, தலை ஒரே பக்கம் பார்க்க அடுக்கினாள். தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

"என்ன அண்ணி, என் கடைக்கு எதிர்ல கண்ணாடி மாட்டின மாதிரி இருக்கு!" என்றான் கொழுந்தன்.

"வயித்தெரிச்சல் படாதே தம்பி. உடம்புக்கு ஆகாது."

வாரம் தவறாமல் அவளிடம் வாங்கும் டீச்சர் வந்தார். பலகையை ஒரு தடவை பார்த்தார். "இன்னிக்குக் கடல் மீன் வரலையா?" என்று கேட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் நடந்துவிட்டார். அடுத்து வந்தவர் விலையைக் கேட்டு, "எதிர்ல இதே மீனைக் குறைச்சுத் தர்றாரே" என்று அங்கே போனார். அண்ணி வரிசையை இன்னொரு தடவை நேராக்கினாள்.

கடைசியாக மாஸ்டர் வந்தார்.

"அட, நீங்களும் குட்டைக்கு மாறிட்டீங்களா? அப்போ விலையும் அவர் விலைதானே?"

"கடல் மீன் மாஸ்டர்! செவுளைத் தூக்கிப் பாருங்க."

"செவுளை நான் பார்ப்பேன். சாப்பிட வர்றவங்க தட்டைத்தானே பார்ப்பாங்க? இப்படி அச்சுல வார்த்த மாதிரி இருந்தா, எதுக்குக் கூடக் குடுக்கிறோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. விடிந்ததிலிருந்து அவள் பாடுபட்டதெல்லாம் தன் மீனைக் குறைந்த விலை மீனாக மாற்றத்தானா?

நேரம் பார்த்துக் கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "அண்ணி, கீழ்ப் பெட்டியில இருக்கிற பொடியெல்லாம் எங்கிட்ட தள்ளி விடுங்க. தீனிக்கு ஆகும்."

"ஏன் சொல்லமாட்டே? என் மீனைத் தின்னு கொழுத்த மீனை எனக்கே எதிரா நிறுத்துவே!"

மாஸ்டர் சிரித்துவிட்டார். வந்த கோபத்தில் அண்ணி பெட்டியை இழுத்துப் பலகைமேல் கவிழ்த்தாள். அழகாக அடுக்கிய வரிசை கலைந்து போனது. முழங்கை நீளத்தில் ஒன்று, உள்ளங்கை அளவில் சில, வலைத் தழும்போடு வெள்ளியாய் மின்னிய இரண்டு. மாஸ்டரின் கை தன்னால் பெரிய மீனிடம் போனது.

"இது எங்க இருந்துச்சு?"

"கீழே. உங்களுக்குப் பயந்து ஒளிச்சு வெச்சேன்."

அவர் அதைக் கீழே வைக்காமலே நிற்பதை அண்ணி கவனித்தாள். குரலை இறக்கிப் பேசினாள்.

"மாஸ்டர், தட்டுக்கு ஒண்ணாப் பொரிக்கிறதுக்கு இவன்கிட்டயே வாங்குங்க. அதுல நான் மோதி ஜெயிக்க முடியாது. கடல் என்ன, அளவெடுத்தா தருது? எங்கிட்ட வாங்குறதைத் துண்டு போடுங்க, எடை போட்டுப் பரிமாறுங்க. வாசல்ல பலகை மாட்டி, இன்னிக்கு வந்த கடல் மீன்னு எழுதுங்க. விலையை அன்னன்னிக்கு மாத்துங்க. படகு போகாத நாள்ல பலகையைத் திருப்பி வெச்சிடுங்க."

"இல்லாத நாள்ல வந்து கேப்பாங்களே?"

"கேக்கட்டும். கேட்டு ஏமாந்தாத்தானே வந்த நாள்ல கூடக் குடுப்பாங்க."

மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். பெரிய மீனையும் தழும்பு மீன்களையும் அவளிடம் அவள் விலைக்கு எடுத்தார். பொரிக்க வேண்டியதைக் கொழுந்தனிடம் வாங்கினார். "நாளைக்கும் இப்படியே" என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கமாக எடுப்பதைவிடக் குறைவுதான். ஆனாலும் விலை இறங்கவில்லை. அண்ணிக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்த டீச்சர், கலைந்து கிடந்த பலகையைப் பார்த்து நின்றார். "இப்பத்தான் வந்துச்சா?"

"ஆமா டீச்சர். கீழே இருந்து மேலே வந்துச்சு."

காலையில் வேண்டாமென்று விட்டுப்போன அதே மீன்களில் ஒன்றைத்தான் டீச்சர் எடுத்தார். அண்ணி எடை போட்டு, கடல் மீன் விலையையே வாங்கிக்கொண்டாள்.

மதியம் கடையைக் கழுவிவிடும்போது கொழுந்தன் பையோடு வந்து நின்றான்.

"தீனிக்குப் பொடி மீன் கிடையாது போ. எல்லாம் வித்தாச்சு."

"தீனிக்கு இல்ல அண்ணி. வீட்டுக்கு." அவன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். "என் பொண்டாட்டி என் மீனைச் சட்டியிலயே ஏத்த மாட்டேங்குறா. வெளியில சொல்லிடாதீங்க."

அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனக்கென்று எடுத்து வைத்திருந்த கொடுவாவை அவன் பையில் போட்டாள்.

"விலை?" என்றான் அவன்.

"உனக்குக் குட்டை விலை. பிழைச்சுப் போ."